பத்தொன்பது கப்

ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்.
பூசாத கல். கை நீட்டினால் உரசும்.
அனுப்பர்பாளையம் லைன் வீட்டில்
ஐந்தாவது கதவு என்னுடையது.
வெயில் நான்காவது கதவோடு நின்றுவிடும்.

யூனிட்டைப் பூட்டிய அன்று
சம்பள பாக்கிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
நான் செக்கிங் டேபிளின் டியூப்லைட் இரண்டைக் கழற்றினேன்.
பதினோரு வருஷம் அதன் கீழே
துணியில் ஓட்டை தேடியிருக்கிறேன்.
கொஞ்சநாள் வேறு ஏதாவது பார்க்கட்டும் அது.

பேப்பர் கப்பில் அடியில் துளை.
தென்னைநார்த் தூள், கொஞ்சம் செம்மண்.
விதை சந்தையில் பத்து ரூபாய்.
என்ன விதை என்று
நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் தட்டு மொத்தமும் செத்தது.
காலையில் தண்ணீர், வேலைக்குப் போகும்போது தண்ணீர்,
தூக்கம் வராத மதியத்தில் இன்னொரு டம்ளர்.
மண்ணைத் தொடுகிற இடத்தில் தண்டு
நூல்போல் இளைத்து
ஒவ்வொன்றாகச் சாய்ந்து படுத்தது.
பழக்கம் விடவில்லை எனக்கு.
பழுதான கப்பிலெல்லாம்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினேன்.
எல்லா அம்பும் என்னைத்தான் காட்டின.

இரண்டாம் முறை கப்பைத் தூக்கிப் பார்க்கக் கற்றேன்.
கனமாயிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்.
இலேசானால் மட்டும் ஒரு மூடி தண்ணீர், ஓரமாக.
ஆனாலும் வெளுத்து, உயர்ந்து,
எட்டாத டியூப்லைட்டை எம்பி எம்பி
கழுத்து முறிந்தவை நாலு.
கயிற்றை இறக்கினேன்,
வெளிச்சம் ஒரு சாண் உயரத்தில் நின்றது.
அப்புறம் டேபிள்ஃபேனை ஒன்றில் வைத்தேன்.
காற்று தெரியாத தண்டு
விரல் பட்டாலே விழுகிறது.
நடுங்கட்டும், கொஞ்சம் தடிக்கட்டும்.

ஒன்று விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டே வந்தது.
எச்சில் தொட்டு நனைத்து
அரைமணி நேரம் காத்திருந்து கழற்றியும்
ஒரு பருப்பிலை தோலோடு வந்துவிட்டது.
அதற்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்ட மனசு வரவில்லை.
ஒற்றை இலையோடு தட்டில் கோணலாக நின்றது.

ரெண்டிலையில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முகம்.
மூன்றாவது வட்டமாய் வந்தது,
அடுத்ததில் விளிம்பு பல் வைத்தது,
அதற்கடுத்தது மூன்றாகப் பிளந்தது.
ஒரு காலை, ஷிஃப்ட் முடிந்து கதவைத் திறந்தால்
ஐந்து விரல் விரித்து நிற்கிறது,
ரம்பம்போல் ஓரத்தோடு,
பத்தொன்பது கப்பிலும்.

நான்காவது கதவு ராக்கியப்பன்
பால் பாக்கெட்டோடு நின்று எட்டிப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தப்பாய்ப் பட்டது.

சாயங்காலம் ஏட்டு திருமூர்த்தி வந்தார்,
ஒரு புதுப் போலீஸ்காரப் பையனோடு.
பையன் செல்போன் படத்தை இலைக்குப் பக்கத்தில் பிடித்தான்.
"ரெண்டும் ஒரே கைதானுங்க ஐயா."
ராத்திரியெல்லாம் லைட், மூடிய ஜன்னல், ஃபேன்,
கப்பில் வரிசை, தனியாக ஒரு பொம்பளை.
அவன் எண்ணி எழுத ஆரம்பித்தான்.
"இது சாப்பிடறதுங்க" என்றேன்.
"அதையுந்தான் சாப்பிடறாங்க."

எனக்கு வாய் அடைத்துப்போனது.
பெயரைச் சொல்லியிருக்கலாம்,
சொன்னால் பொய்போல இருக்கும் என்று பயம்.

ஏட்டு குனிந்தார்.
அந்தக் கோணல் செடியின் நுனியைப் பார்த்துக் கிள்ளினார்.
முகர்ந்தார். வாயில் போட்டார்.
மென்றார்.
ஒரு கண் மூடியது, கன்னம் உள்ளே இழுத்தது,
நாக்கு மேலண்ணத்தில் ஒரு சத்தம் போட்டது.

"ஏனுங்கம்மா,
புளிச்சக்கீரைய ரூமுக்குள்ளயா போடுவாங்க?"

பையன் நம்பவில்லை. அவனுக்கும் ஒரு இலை.
சுளித்த முகத்தோடு எழுதியதை அடித்தான்.

வாசலில் ஷூவை மாட்டியபடி ஏட்டு சொன்னார்,
"கடையறதுக்கு இது பத்தாதுங்களே."
"பத்தாதுங்க."
"பொறவு எதுக்கு?"
பதில் யோசித்துக்கொண்டிருந்தேன்,
பைக் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ராக்கியப்பன் நாலு நாள் பால் வாங்க
வேறு பக்கமாகப் போனார்.

இன்றைக்குக் கப்பைத் தூக்கிப் பார்க்கும்போது கண்டேன்.
ஏட்டு கிள்ளிய இடத்துக்குக் கீழே
இரண்டு தளிர், மிளகளவு,
ஆளுக்கொரு பக்கமாய்.
கப் இலேசாக இருந்தது.
ஒரு மூடி ஊற்றினேன்,
ஓரமாக.